திரும்பி வரத் தெரிந்த கெர்னல் கருவிகள்

2022 செப்டம்பர் இறுதியில் லினக்ஸ் கெர்னலின் 5.19.12 பதிப்பு வெளியானது. வழக்கமான பிழைதிருத்த வெளியீடுதான். ஆனால் இன்டெல் கிராபிக்ஸ் கொண்ட சில லேப்டாப்களில் அதை ஏற்றியதும் திரை பளிச்பளிச்சென்று மினுங்கத் தொடங்கியது. திரைக்கு மின்சாரத்தைக் கொடுக்கும்போதும் நிறுத்தும்போதும் விடவேண்டிய இடைவெளியைக் கெர்னல் தவறாக எடுத்துக்கொண்டதுதான் காரணம். இப்படியே விட்டால் எல்சிடி பலகமே பழுதாகலாம் என்று இன்டெலின் கிராபிக்ஸ் டிரைவர் பொறியாளர் ஒருவர் எச்சரித்தார். ஒரு வாரத்துக்குள் 5.19.13 வந்து, சிக்கலை உண்டாக்கிய மாற்றத்தைத் திரும்பப் பெற்றது.

இடைப்பட்ட நாட்களில் மாட்டிக்கொண்டவருக்குத் தேவைப்பட்டது முந்தைய கெர்னல். அது வட்டில் இருக்கிறதா? இருந்தால், மினுங்கும் திரையோடு மல்லுக்கட்டாமல் அதற்குப் போக வழி உண்டா? போன பிறகு, பழுதான பதிப்பிலேயே கணினி மறுபடி எழாமல் தடுக்க முடியுமா? டெஸ்க்டாப் லினக்ஸில் கெர்னலை நிறுவி நிர்வகிக்கும் கருவிகளை ஒப்பிடுகிறவர்கள், எது புதியதைச் சீக்கிரம் கொண்டுவருகிறது என்றே பெரும்பாலும் பார்க்கிறார்கள். இந்த மூன்று கேள்விகளுக்கும் எந்தக் கருவி பதில் வைத்திருக்கிறது என்று பார்ப்பதே சரியான சோதனை என்பது என் கருத்து. கீழே வருவதெல்லாம் அந்தக் கண்ணோடு பார்த்தது.

முதலில், கெர்னலை நிறுவும்போது என்ன நடக்கிறது? பூட் அடைவில் சுருக்கப்பட்ட கெர்னல் கோப்பு ஒன்று வந்து உட்காருகிறது. அதன் மாட்யூல்கள், அதாவது தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளும் டிரைவர்கள், பதிப்பு எண்ணையே பெயராகக் கொண்ட தனி அடைவுக்குள் போகின்றன. வட்டைத் திறப்பதற்கு முன்பே வேண்டிய டிரைவர்களைத் திரட்டி இனிட்ராம்எஃப்எஸ் என்ற ஒரு கோப்பு கட்டப்படுகிறது. டெபியனில் இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸும், ஃபெடோராவில் டிராகட்டும், ஆர்ச்சில் எம்கேஇனிட்சிபியோவும் இந்த வேலையைச் செய்கின்றன. கடைசியாக, கிரப் போன்ற பூட்லோடரின் பட்டியலில் ஒரு வரி சேர்கிறது. டெபியன், ஃபெடோரா போன்ற பெரும்பாலான லினக்ஸ் வழங்கல்களில் எல்லாமே பதிப்பு எண்ணைச் சுமந்திருப்பதால் நான்கைந்து கெர்னல்கள் ஒரே வட்டில் சண்டையில்லாமல் இருக்கலாம். எந்தக் கருவியானாலும் திரைக்குப் பின்னால் செய்வது இந்த நான்கு வேலைகளைத்தான். நான்கில் ஒன்று தவறினால் என்ன செய்கிறது என்பதில்தான் கருவிகள் பிரிகின்றன.

கெர்னலின் நாட்காட்டியையும் தெரிந்துகொள்ள வேண்டும். லினஸ் டார்வால்ட்ஸ் 9 அல்லது 10 வாரங்களுக்கு ஒரு முறை புதிய பதிப்பை வெளியிடுகிறார். கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் முதலியோர் அதன்மேல் பிழைதிருத்தங்களைச் சேர்த்துக்கொண்டே போகிறார்கள். பெரும்பாலான பதிப்புகளின் ஆயுள், அடுத்த பதிப்பு வந்து சில வாரங்கள் வரைதான். ஆண்டுக்கு ஒன்று மட்டும் நீண்டகால ஆதரவுப் பதிப்பாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறது. 6.1, 6.6, 6.12 ஆகியவை அப்படிப்பட்டவை. ஒரு காலத்தில் இத்தகைய பதிப்புகளுக்கு 6 ஆண்டு வரை ஆதரவு இருந்தது. இனி 2 ஆண்டையே அடிப்படையாகக் கொள்வோம் என்று 2023இல் அறிவித்தார்கள்.

ஆனால் வழங்கல்கள் இந்த நாட்காட்டியை அப்படியே பின்பற்றுவதில்லை. உபுண்டு 24.04 தன் அடிப்படைக் கெர்னலை 6.8.0 என்றே அழைக்கிறது, பின்னால் ஒரு கோடும் கட்டமைப்பு எண்ணும் வரும். மூல 6.8 பதிப்பின் ஆயுள் 2024லேயே முடிந்துவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்களைக் கனானிக்கல் தானே பின்சேர்த்துக்கொண்டிருக்கிறது. ஆகவே எண் பெரிதாக இருந்தால் பாதுகாப்பும் கூடுதல் என்று நினைப்பது பிழை. புதியதை உச்சியில் வைத்து அடுக்கிக் காட்டும் பட்டியல்கள் இந்தப் பிழையைத்தான் வளர்க்கின்றன.

சாதாரணப் பயனர் கெர்னலை ஏன் தொட வேண்டும்? புதிதாக வாங்கிய லேப்டாப்பில் வைஃபை வேலை செய்யவில்லை, கிராபிக்ஸ் சிப்பை அடையாளம் காணவில்லை, தூங்கப்போன கணினி எழுவதில்லை: நியாயமான காரணங்கள் அநேகமாக இவ்வளவுதான். கடைசி ஒரு சதவீத வேகத்துக்காக மாற்றுகிறவர்களும் உண்டு. அது பொழுதுபோக்கு, குறை சொல்வதற்கில்லை.

உபுண்டுவில் இதற்கு அதிகாரபூர்வமான வழி எச்டபிள்யூஇ என்ற தொகுப்பு. நீண்டகால ஆதரவு வெளியீட்டின்மேல், பின்னால் வரும் இடைக்கால வெளியீடுகளின் கெர்னலைக் கொண்டுவந்து தருவது அது. 24.04இல் தொடங்கியவருக்கு முதலில் 6.8, 2025 பிப்ரவரியில் 24.04.2 வழியாக 6.11, அதே ஆண்டு ஆகஸ்டில் 24.04.3 வழியாக 6.14 கிடைத்தது. கையொப்பமிட்டவை, உபுண்டு சோதித்தவை. வழக்கமான புதுப்பிப்போடு தானாக வருவதால் இதற்குத் தனிக் கருவியே தேவையில்லை. ஆனால் உபுண்டு டெஸ்க்டாப்பில், எந்தக் கெர்னல் ஓடுகிறது, எதை வைத்துக்கொள்வது, எதை நீக்குவது என்று காட்டும் சாளரம் எதுவும் இல்லை. உலகில் அதிகம் பேசப்படும் டெஸ்க்டாப் லினக்ஸில் இந்த வெற்றிடம் இத்தனை ஆண்டுகளாக இருப்பது விசித்திரம்.

அந்த வெற்றிடத்தில்தான் உக்கூ முளைத்தது. கணினியின் நிலையை ஸ்னாப்ஷாட்டாகச் சேமித்துவைக்கும் டைம்ஷிஃப்டை எழுதிய டோனி ஜார்ஜே இதையும் எழுதினார். கெர்னல் பிழைகளை ஆராய்வதற்காக உபுண்டுவின் கெர்னல் குழு, மூல நிரலிலிருந்து அவ்வப்போது பொதிகளைக் கட்டி ஒரு களஞ்சியத்தில் வைக்கிறது. உக்கூ அவற்றைப் பட்டியலிட்டு ஒரே சொடுக்கில் நிறுவியது. 2019இல் அது கட்டண மென்பொருளானதும், கடைசி இலவசப் பதிப்பிலிருந்து மெயின்லைன் என்ற கிளைத்திட்டம் பிறந்தது. இன்று பலர் பயன்படுத்துவது அதைத்தான். நன்றாக எழுதப்பட்ட கருவி. குறிப்புகளைச் சேர்க்கலாம், பிடிக்காத பதிப்புகளைப் பூட்டிவைக்கலாம், ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலை நீக்க அது விடாது.

குறை கருவியில் இல்லை, அது கொண்டுவரும் சரக்கில் இருக்கிறது. அந்தப் பொதிகளுக்கு ஆதரவு கிடையாது, அன்றாடப் பயன்பாட்டுக்கு உகந்தவை அல்ல என்று அவற்றைக் கட்டுகிறவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். உபுண்டு தன் கெர்னலில் சேர்க்கும் ஒட்டுகள் அவற்றில் இல்லை. கையொப்பமும் இல்லாததால், கையொப்பமற்ற கெர்னலை ஏற்காத செக்யூர் பூட் இயங்கும் கணினியில் இந்தக் கெர்னல் எழவே எழாது. இன்னொரு சிக்கல் நுட்பமானது. இவற்றின் தலைப்புக்கோப்புப் பொதிகள் புதிய உபுண்டுவில் கட்டப்படுவதால் புதிய சி நூலகத்தைக் கேட்கும். பழைய உபுண்டுவில் கெர்னல் நிறுவப்பட்டுவிடும், தலைப்புக்கோப்புகள் நிறுவப்படாது. அவை இல்லாமல் என்விடியா டிரைவரைக் கட்ட முடியாது. பயனர் பார்ப்பது கறுப்புத் திரையை மட்டும்தான்.

ஆகவே மெயின்லைன் கருவிக்கு ஒரு நல்ல பயன் உண்டு: உங்கள் வைஃபை சிக்கல் மூல கெர்னலில் தீர்ந்துவிட்டதா என்று கண்டறிவது. பார்த்து, தெரிந்துகொண்டு, பழையதற்குத் திரும்பிவிட வேண்டும். அதிலேயே குடியிருந்தால் பாதுகாப்புத் திருத்தங்களுக்கு நீங்களே பொறுப்பு.

லினக்ஸ் மின்டின் கதை இதைவிடச் சுவையானது. ஒரே திட்டம் தன் கொள்கையை நேர்மாறாகத் திருப்பிக்கொண்டதை அங்கே பார்க்கலாம். மின்டின் அப்டேட் மேனேஜர் ஒரு காலத்தில் புதுப்பிப்புகளை 1 முதல் 5 வரை அபாய நிலைகளாகப் பிரித்தது. கெர்னல் உயர்ந்த அபாயத்தில் இருந்தது. கணினி உடைந்துவிடக் கூடாது என்ற அக்கறையில் கெர்னல் புதுப்பிப்புகளைப் பலர் ஏற்காமலே விட்டார்கள். பாதுகாப்புத் துறையினர் இதைக் கடுமையாக விமர்சித்தார்கள், நியாயமாகவே. 2018இல் மின்ட் 19 வந்தபோது நிலைப்பாடு மாறியது. எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளுங்கள், அதற்கு முன் டைம்ஷிஃப்ட் கொண்டு ஸ்னாப்ஷாட் எடுத்துவையுங்கள், உடைந்தால் திரும்பலாம் என்றார்கள். புதுப்பிப்பைத் தள்ளிப்போட்டுக் கிடைத்த நிம்மதியை இனித் திரும்பும் வழியிலிருந்து பெறுவது என்று தீர்மானித்தார்கள். பின்னாளில் டைம்ஷிஃப்டின் பராமரிப்பையும் மின்ட் குழுவே ஏற்றது. டெஸ்க்டாப் கெர்னல் நிர்வாகத்தில் கடந்த பத்தாண்டுகளில் எடுக்கப்பட்ட மிகச் சரியான முடிவு இது என்பேன்.

மின்டின் கெர்னல் சாளரமும் அப்படியே. திறந்ததும் முதலில் எச்சரிக்கை. பிறகு 6.8, 6.11, 6.14 என்று வரிசைவாரியாகப் பிரித்த பட்டியல். ஒவ்வொரு வரிசைக்கும் ஆதரவு எப்போது முடிகிறது, எது இப்போது ஓடுகிறது, எவை நிறுவப்பட்டிருக்கின்றன என்று எழுதியிருக்கும். பழையவற்றை மொத்தமாக நீக்கப் பொத்தான் உண்டு. தானாக நீக்கவும் சொல்லலாம். உபுண்டு சோதித்த கெர்னல்களை மட்டுமே காட்டுகிறது என்பதால் புதுமை விரும்பிகள் இதைச் சலிப்பூட்டுவதாகக் கருதுகிறார்கள். அந்தச் சலிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆர்ச் குடும்பத்தில் மஞ்சாரோ தனித்து நிற்கிறது. அதன் அமைப்புகள் சாளரத்தில் கெர்னலுக்கென ஒரு பக்கம் உண்டு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் பரிந்துரைக்கப்பட்டது, நீண்டகால ஆதரவு, ஓடிக்கொண்டிருப்பது, ஆதரவு முடிந்தது என்ற முத்திரைகள். ஒவ்வொரு வரிசையும் தனிப் பொதியாக இருப்பதால் 6.6, 6.12 இரண்டையும் அருகருகே வைத்துக்கொள்ளலாம். டெர்மினல் விரும்பிகளுக்கு எம்எச்டபிள்யூடி-கெர்னல் இருக்கிறது. சொடுக்குவது மின்டைவிடவும் எளிது. ஆனால் ஒரு வரிசைக்கு ஆயுள் முடிந்தால் அது களஞ்சியத்திலிருந்து போய்விடும், அதிலேயே இருந்துவிட்ட பயனர் தானாக அடுத்ததற்கு நகர்த்தப்படுவதில்லை. அறிவிப்பைக் கவனிக்காதவர் செத்த கெர்னலில் மாதக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருப்பார்.

மூல ஆர்ச்சில் நிலைமை முரட்டுத்தனமானது. அதன் பொதி மேலாளரான பேக்மேன் புதிய கெர்னலைப் பழையதன் இடத்திலேயே வைக்கிறது, பழையது போய்விடும். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் மாட்யூல்களும் கூடவே அழிவதால், புதுப்பித்த பின் மறுதொடக்கம் செய்யாமல் யுஎஸ்பி டிரைவைச் செருகினால் அது அடையாளம் காணப்படாமல் போகலாம். புதியவர்கள் டிரைவ் கெட்டுவிட்டதென்று நினைத்துவிடுவார்கள். ஆர்ச்சில் இருக்கிறவர் நீண்டகால ஆதரவுக் கெர்னல் பொதியையும் கூடவே நிறுவிவைப்பதுதான் தற்காப்பு. அதைச் செய்யச் சொல்லும் கருவி எதுவும் இல்லை, படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஃபெடோரா எதையும் கேட்பதில்லை. அதன் பொதி மேலாளரான டிஎன்எஃப் எப்போதும் 3 கெர்னல்களை வைத்திருக்கும், நான்காவது வரும்போது மிகப் பழையது போகும், ஓடிக்கொண்டிருப்பதைத் தொடாது. பூட் பட்டியலை மறைத்துவைக்கும் ஃபெடோரா, முந்தைய துவக்கம் தோல்வியடைந்திருந்தால் மட்டும் அதைத் தானாகக் காட்டும். சின்ன விஷயம், ஆனால் யோசித்துச் செய்தது. உபுண்டுவிலும் பட்டியல் மறைந்தே இருக்கும், அங்கே எஸ்கேப் விசையைச் சரியான நொடியில் அழுத்தத் தெரிந்திருக்க வேண்டும். எந்தக் கெர்னல் இயல்பாக எழ வேண்டும் என்று மாற்ற ஃபெடோராவில் கிரப்பி என்ற கட்டளை இருக்கிறது. வரைகலைச் சாளரம் இங்கும் இல்லை. ஆனால் பழைய கெர்னல்கள் கேட்காமலே காத்திருப்பதால் அது பெரிய குறையாகத் தெரிவதில்லை.

திரும்பி வருவதில் யாரையும் மிஞ்சுவது ஓப்பன்சூசே. அதன் பொதி மேலாளரான சிப்பரின் அமைப்புக் கோப்பிலேயே, கடைசிக் கெர்னல், அதற்கு முந்தையது, இப்போது ஓடுவது ஆகிய மூன்றையும் வைத்துக்கொள் என்று எழுதியிருக்கிறது. அதற்கு மேல் ஸ்னாப்பர் இருக்கிறது. ஒவ்வொரு நிறுவலுக்கு முன்னும் பின்னும் பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையின் ஸ்னாப்ஷாட் எடுக்கப்படுகிறது, பூட் பட்டியலிலிருந்தே பழைய ஸ்னாப்ஷாட்டுக்குள் நுழைய முடிகிறது. வழக்கமான நிறுவலில் கெர்னல் கோப்பும் அதன் மாட்யூல்களும் ஒரே ஸ்னாப்ஷாட்டுக்குள் இருப்பதே இதன் பலம். பூட் தனிப் பிரிவாக இருக்கும் கணினியில் பிடிஆர்எஃப்எஸ் ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால் மாட்யூல்கள் மட்டும் பின்னோக்கிப் போகும், கெர்னல் புதியதாகவே நிற்கும், இரண்டும் பொருந்தாது. டைம்ஷிஃப்டை பிடிஆர்எஃப்எஸ் முறையில் வைத்திருக்கிறவர்கள் இதைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

ஸான்மாட், லிக்கோரிக்ஸ் போன்ற சிறப்புக் கெர்னல்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தங்களுக்கென்று களஞ்சியம் வைத்திருக்கின்றன, டெபியன் குடும்பத்தின் பொதி மேலாளரான ஏப்ட் வழியாகவே வரும், ஆகவே புதுப்பிப்பும் கிடைக்கும். அந்த வகையில் மெயின்லைன் பொதிகளைவிட மேல். எம்எக்ஸ் லினக்ஸில் லிக்கோரிக்ஸை எம்எக்ஸ் பேக்கேஜ் இன்ஸ்டாலரிலிருந்தே நிறுவலாம், மிஞ்சிய கெர்னல்களை நீக்க எம்எக்ஸ் கிளீனப் இருக்கிறது. ஆர்ச்சைச் சார்ந்த கேச்சிஓஎஸ் ஒரு படி மேலே போய், நிரல்களுக்கு நேரம் பங்கிடும் ஷெட்யூலரையும் மற்ற விருப்பங்களையும் தேர்ந்தெடுத்து உங்கள் கணினியிலேயே கெர்னலைக் கட்டிக்கொள்ளும் சாளரத்தைத் தருகிறது. ஆர்வமுள்ளவர்களுக்கு நல்ல விளையாட்டுக் களம்.

எந்தக் கருவியைப் பிடித்தாலும் கால் இடறும் இடங்கள் மூன்று. முதலாவது பூட் பிரிவு நிரம்புவது. வட்டு முழுவதையும் குறியாக்கம் செய்தால் பூட் பெரும்பாலும் தனிப் பிரிவாகிவிடும். பழைய நிறுவல்களில் அது அரை ஜிபிகூட இருக்காது. இனிட்ராம்எஃப்எஸ் கோப்போ ஆண்டுக்கு ஆண்டு பெருத்து, சில கணினிகளில் 100 எம்பியைத் தாண்டுகிறது. இடம் தீர்ந்தால் புதிய இனிட்ராம்எஃப்எஸ் பாதியில் நின்றுவிடும், பொதி நிறுவியும் பாதியில் நிற்கும், அதன்பின் எதையும் நிறுவவோ நீக்கவோ முடியாத முடிச்சு விழும். ஏப்டின் ஆட்டோரிமூவ் கட்டளை பழைய கெர்னல்களை நீக்கும். ஆனால் கையால் தனியாக நிறுவிய கெர்னலை அது பயனரின் விருப்பம் என்று மதித்து விட்டுவிடும். சாளரத்தில் சொடுக்கிச் சொடுக்கிச் சேர்த்தவை குவிவது இப்படித்தான்.

இரண்டாவது, வெளியிலிருந்து வரும் மாட்யூல்கள். என்விடியா, விர்ச்சுவல்பாக்ஸ், சில வைஃபை சிப்கள் ஆகியவற்றின் டிரைவர்கள் கெர்னலுக்கு வெளியே இருக்கின்றன, ஒவ்வொரு கெர்னலுக்கும் புதிதாகக் கட்டப்பட வேண்டும். இதற்காக டெல் நிறுவனத்தின் லினக்ஸ் குழு 2003இல் எழுதியது டிகேஎம்எஸ். புதிய கெர்னல் வந்ததும் அது டிரைவர்களைத் தானாகக் கட்டும். கெர்னலின் உள் இடைமுகம் மாறியிருந்தால் கட்டுமானம் தோற்கும். இத்தனை முக்கியமான தோல்வியை எந்த வரைகலைக் கருவியும் முகத்தில் அறைந்தாற்போல் சொல்வதில்லை, பதிவுக் கோப்பில் புதைத்துவிடுகின்றன. நிறுவல் முடிந்தது என்று பச்சை நிறத்தில் காட்டிவிட்டு, அடுத்த துவக்கத்தில் பயனரைக் கறுப்புத் திரையில் விடுகின்றன. இந்தக் கருவிகளின் ஆகப்பெரிய குறை எது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

மூன்றாவது, செக்யூர் பூட். கையொப்பமில்லாத கெர்னலையும் மாட்யூலையும் அது விடாது. நீங்களே ஒரு சாவியை உருவாக்கி, மோக் எனப்படும் கணினி உரிமையாளர் சாவிகளின் பட்டியலில் சேர்க்கலாம். மறுதொடக்கத்தின்போது நீலத் திரை ஒன்று கடவுச்சொல் கேட்கும், அந்த ஒரு முறை தவறவிட்டால் மீண்டும் தொடக்கத்திலிருந்து. பலர் செக்யூர் பூட்டையே அணைத்துவிடுகிறார்கள். ஒரு கெர்னலை ஏற்றுவதற்காகக் கணினியின் பூட்டைக் கழற்றிவைப்பது அவரவர் விருப்பம், தெரிந்து செய்தால் சரி.

வழங்கல் சோதித்த கெர்னலும் உடையும் என்பதை மறைப்பது நேர்மையாகாது. உபுண்டு 17.10இன் 4.13 கெர்னலில் இருந்த இன்டெல் எஸ்பிஐ டிரைவர் சில லெனோவோ லேப்டாப்களின் பயாஸைக் கெடுத்தது. 2017 டிசம்பரில் அந்த நிறுவல் பிம்பத்தையே பதிவிறக்கப் பக்கத்திலிருந்து எடுத்தார்கள். அடுத்த மாதம், மெல்ட்டவுன் என்ற செயலிப் பாதுகாப்பு ஓட்டையை அடைக்க அவசரமாக வந்த 4.4.0-108 சில உபுண்டு 16.04 கணினிகளை எழவிடாமல் செய்தது. உடனே 109 வந்தது. 2023 டிசம்பர் 9 அன்று டெபியன் 12.3 வெளியாக இருந்தது. 6.1.64 கெர்னலில் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் கோப்புகளைச் சிதைக்கும் பிழை இருப்பது கடைசி நேரத்தில் தெரிந்து பிம்பங்களை நிறுத்தினார்கள். மறுநாளே 12.4 வந்தது. நீண்டகால ஆதரவு வரிசை, உலகிலேயே நிதானமான வழங்கல் இரண்டும் சேர்ந்தும் நடந்தது இது. உபுண்டுவின் 4.4.0-108இல் மாட்டியவர்கள் பட்டியலில் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து வேலையைத் தொடர்ந்தார்கள். கோப்பைச் சிதைக்கும் பிழைக்கோ பயாஸைக் கெடுக்கும் பிழைக்கோ எந்தத் திரும்பும் வழியும் முழு மருந்தாகாது, அங்கே காப்புநகல் மட்டும்தான்.

ஃபெடோரா சில்வர்புளூ, நிக்ஸ்ஓஎஸ் போன்றவற்றில் கெர்னல் தனிப் பொருளே இல்லை. முழு அமைப்பும் ஒரே பிம்பமாகவோ தலைமுறையாகவோ மாறுகிறது, முந்தையது பூட் பட்டியலில் காத்திருக்கிறது. கெர்னலும் மாட்யூலும் பொருந்தாமல் போகும் பேச்சுக்கே இடமில்லை. இந்த வழி பரவினால் கெர்னல் மேலாளர் என்ற வகைக் கருவியே தேவையற்றுப் போகலாம்.

அதுவரை என் வரிசை இது: திரும்பி வருவதில் ஓப்பன்சூசே முதலிடம், பயனருக்குப் புரியவைப்பதில் மின்ட், தேர்வின் வசதியில் மஞ்சாரோ, கேட்காமலே காப்பதில் ஃபெடோரா. மெயின்லைன் கருவி சோதனைக்கு மட்டும்.

எதைப் பயன்படுத்துகிறவரானாலும் ஒன்று செய்து பாருங்கள். கணினி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே மறுதொடக்கம் செய்து, பூட் பட்டியலை வரவழைத்து, பழைய கெர்னல் ஒன்றில் நுழையுங்கள். வைஃபையும் திரையும் அதில் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு புதியதை நிறுவுங்கள்.